அஞ்சு லட்சம் கையில இரிக்கு: சீட்டா, பவுனா, பேங்கா, கிரிப்டோவா?

குவைத், கட்டார் என்டு போய் ரெண்டு மூணு வருசம் வீட்டு வேலை செஞ்சிட்டு வாற எங்கட பகுதிப் பொம்புளைகளுக்கு கடன் எல்லாம் அடைச்சி, கூரை மாத்தி, புள்ளைட ட்யூஷன் காசும் கட்டி முடிஞ்ச பிறகு கையில கொஞ்சம் மிஞ்சும். ஒரு அஞ்சு லட்சம் என்டு வச்சிக்கொள்ளுவம். இத என்ன செய்யிற என்டு கேட்டா முந்தி மூணு பதில்தான் வரும், சீட்டுப் போடு, பவுன் வாங்கு, பேங்கில போடு. இப்ப நாலாவதா ஒண்டு சேந்திட்டு. கிரிப்டோ, அதாவது பிட்காயின் மாதிரி டிஜிட்டல் காசு, அதப் படி, அதில போடு, ஆர்ர கையையும் பாக்காம உன்ட கால்ல நிக்கலாம் என்டு வாழைச்சேனையில இருந்து பொத்துவில் வரைக்கும் வாட்ஸ்அப் குரூப்பில மெசேஜ் ஓடுது. பொம்புளைகளுக்கென்டே தனியா சூம் வகுப்பும் வைக்கிறாங்க. இந்த நாலையும் பக்கத்தில பக்கத்தில வச்சிப் பாக்கத்தான் இத எழுதுறன்.

பாக்கிற விதம் முக்கியம். எதில லாபம் கூட என்டு மட்டும் பாத்தா ஒவ்வொரு வருசமும் ஒவ்வொரு பதில் வரும். நான் பாக்கிறது வேற மூணு விசயம். அந்தக் காச ஆர் வெளிய எடுக்கலாம், அவசரத்துக்கு எத்தின நாள்ல கையில வரும், பிழைச்சிப் போனா ஆரிட்டப் போய் கேக்கலாம். இதில முதலாவதுதான் எனக்கு எல்லாத்தையும் விடப் பெரிசு, ஏனென்டா எங்கட மட்டக்களப்பு அம்பாறைப் பக்கம் வீடு வளவு பொம்புளப் புள்ளைட பேருக்குத்தான் எழுதுற, தாய்வழிக் குடி முறை இன்னும் இரிக்கிற ஊர் இது, தமிழ் ஆக்களும் அப்பிடித்தான் முஸ்லிம் ஆக்களும் அப்பிடித்தான், மாப்பிள்ளை வந்து பொம்புளைட வீட்டிலதான் இரிக்கிறார். வெளியில இருந்து பாக்கிற ஆக்களுக்கு இந்த ஊர்ப் பொம்புளைகள் எல்லாரும் சொத்துக்காரிகள். ஆனா அந்தக் காணி உறுதிய வச்சி கடன் எடுக்கிறதா, வளவ விக்கிறதா, வெளிநாட்டுக் காசு எங்க போறது என்டு முடிவு எடுக்கிறது ஆர்? பேர் அவட, முடிவு வேற ஆக்கள்ட. காசு விசயத்திலயும் இதே கதை நடக்கக் கூடாது என்டதுதான் என்ட கவலை.

சீட்டப் பத்தி நிறையச் சொல்லத் தேவையில்ல, எல்லாருக்கும் தெரியும். மாசம் பத்தாயிரம், இருவது பேர், முறைக்கு ஒராள் தூக்கிற. வட்டி வேணாம் என்டு நினைக்கிற ராத்தாமாருக்கும் குலுக்கல் சீட்டு சரி வரும், ஏலச்சீட்டு என்டா கழிவு வாறதால அவங்க யோசிப்பாங்க. சீட்டுட பெரிய பலம் கட்டாயம். கையில இரிந்தா கரைஞ்சி போற காசு அங்க கட்டியே ஆகணும். ஆனா சீட்டு மாச வருமானத்துக்குத்தான் பொருந்தும், ஒரே தரம் கையில வந்த அஞ்சு லட்சத்துக்கு இல்ல. சீட்டுப் பிடிக்கிற ஆள் ஊர விட்டுப் போனா போனதுதான், எழுத்தில ஒண்டும் இரிக்காது. பத்து இருவது வருசமா ஒழுங்கா நடத்துற அக்கா ஒராள் பக்கத்தில இரிந்தா போடுங்க, முகம் தெரியாத வாட்ஸ்அப் சீட்டு வேணவே வேணாம்.

பவுன். இதப் பழைய பழக்கம் என்டு சொல்லி ஒதுக்கிற படிச்ச புள்ளைகள் இரிக்காங்க, எனக்கு அது சரியாப் படல்ல. 2022 ஆம் ஆண்ட நினைச்சிப் பாருங்க. வருசம் தொடங்கக்குள்ள டொலர் 200 ரூபா, முடியக்குள்ள 363 ரூபா. உலகச் சந்தையில தங்கம் அந்த வருசம் 1,800 டொலர் அளவில தொடங்கி கிட்டத்தட்ட அதே விலையிலதான் முடிஞ்சது, ஆனா ரூபா விழுந்ததால இங்க பவுன் விலை முக்கால் பங்குக்கு மேல ஏறிட்டு. ஜனவரியில அஞ்சு லட்சத்துக்குத் தங்கம் வாங்கி வச்சவவுக்கு டிசம்பர்ல ஒம்பது லட்சம் பெறுமதி. அந்த நேரம் விலைவாசி 70 வீதம் ஏறினது, சமையல் காஸுக்கு வரிசை, எண்ணெய்க்கு வரிசை, பால்மா இல்ல. அண்டைக்கு அவசரமென்டா கழுத்தில கிடந்தத கழட்டிக் கொண்டு பேங்குக்குப் போனா அடகு வச்சி அதே நாள் காசோட திரும்பி வரலாம். வேற எந்த வழியில அப்பிடி வரும்?

குறையும் இரிக்கு. நகையா வாங்கினா செய்கூலி, சேதாரம் என்டு கையில எடுக்கும் போதே ஒரு பங்கு போயிரும், விக்கப் போனா அது திரும்பி வராது. சேமிப்புக்கென்டு வாங்கிறதென்டா தங்கக் காசாவோ பிஸ்கட்டாவோ வாங்குங்க, இல்லாட்டி வேலைப்பாடு குறைஞ்ச வளையல். வீட்டில வச்சா கள்வர் பயம். மறுகா முக்கியமான ஒண்டு, பவுன் கண்ணுக்குத் தெரியிற சொத்து. மச்சானுக்கு ஓட்டோ எடுக்க, தம்பிக்கு வெளிநாடு போக என்டு வீட்டில எல்லாரும் முதல்ல பாக்கிறது அவட கழுத்தத்தான். ஒரு தரம் அடகுக்குப் போன நகை வட்டி ஏறி ஏலத்துக்குப் போற கதை எந்தத் தெருவில இல்ல.

பேங்க் என்டா எஃப்.டி., அதாவது நிலையான வைப்பு. எங்கட நாட்டில இது பொம்புளைகளுக்கு எட்டாத சாமான் இல்ல. உலக வங்கி 2021 இல எடுத்த கணக்கில இலங்கையில வயசு வந்த ஆக்கள்ல 100க்கு 89 பேருக்கு கணக்கு இரிக்கு. வைப்புக் காப்புறுதி என்டு மத்திய வங்கிட திட்டம் ஒண்டு இரிக்கு, ஒரு பேங்கில ஒராளுக்கு 11 லட்சம் ரூபா வரைக்கும் பாதுகாப்பு. அஞ்சு லட்சம் அதுக்குள்ள முழுசா அடங்கும், பேங்க் மூடுப்பட்டாலும் கேக்க ஒரு இடம் இரிக்கு. வட்டியில பிடிக்கிற வரி 2025 ஏப்ரல்ல இருந்து 10 வீதம் ஆகிட்டு, ஆனா வருச வருமானம் 18 லட்சத்துக்குக் குறைஞ்ச ஆக்கள் பேங்கில ஒரு பிரகடனப் படிவம் குடுத்தா அதப் பிடிக்க மாட்டாங்க. இதக் கேக்காமலே எத்தினையோ பேர் வரி கட்டிட்டு இரிக்காங்க, போய்க் கேளுங்க. வட்டி வேணாம் என்டிறவங்களுக்கு அமானா பேங்கில லாபப் பங்கு அடிப்படையில கணக்கு இரிக்கு.

எஃப்.டி.ட பலவீனம் ரூபாதான். 2022 ஜனவரியில அஞ்சு லட்சத்த 6 வீத வட்டிக்குப் போட்டவ வருசம் முடிய 5 லட்சத்து 30 ஆயிரம் எடுத்தா, ஆனா டொலர்ல பாத்தா 2,500 டொலரா இரிந்த காசு 1,500க்கும் கீழ போயிட்டு. அந்தப் பயத்திலதான் நிறையப் பேர் கிரிப்டோப் பக்கம் திரும்பினாங்க, அதில நியாயம் இல்லாம இல்ல. ஆனா வெளிநாட்டில இருந்து வாற பொம்புளைகளுக்கு இதுக்கு ஒரு மருந்து ஏற்கனவே இரிக்கு, ஒருத்தரும் விளக்கமாச் சொல்றதில்ல. உழைச்ச காச டொலராவே போட்டு வைக்கிற கணக்கு, முந்தி என்.ஆர்.எஃப்.சி. என்டு சொன்னது, 2017 ஆம் ஆண்டுச் சட்டத்துக்குப் பிறகு தனிப்பட்ட வெளிநாட்டு நாணயக் கணக்கு என்டு பேர். அவட பேரிலயே திறக்கலாம், வட்டியும் வரும், ரூபா விழுந்தா இவட காசு விழாது. வந்து இறங்கின உடன எல்லா டொலரையும் ரூபாவா மாத்திட்டா மறுகா அந்த வழி மூடிரும், ஏனென்டா உள்ளூர் ரூபாவ டொலராக்கி அதில போட ஏலாது. ஊருக்கு வர முதலே தெரிஞ்சிரிக்க வேண்டிய விசயம் இது.

இனி கிரிப்டோ. இதில கொஞ்சம் நிண்டு கதைக்கணும்.

கிரிப்டோ பொம்புளைகள விடுதலை செய்யும் என்டு சொல்றது வெறும் விளம்பரம் இல்ல, உண்மையா நடந்த இடங்கள் இரிக்கு. ஆப்கானிஸ்தான்ல ஹெராத் நகரத்து ரோயா மஹ்பூப் 2013 அளவில தன்னோட வேலை செஞ்ச பொம்புளைகளுக்கு பிட்காயின்ல சம்பளம் குடுத்தா. ஏன்? அவங்களுக்கு பேங்க் கணக்கு இல்ல, காசாக் குடுத்தா தகப்பனோ புருசனோ பறிச்சிருவாங்க, போனுக்குள்ள இரிந்தா மத்தவங்களுக்குத் தெரியாது. அதே ஊர்ல ஃபெரெஷ்டே ஃபொரோ பொம்புளப் புள்ளைகளுக்கு கோடிங் பள்ளிக்கூடம் நடத்தினா, 2021 ஓகஸ்ட்ல தலிபான் வந்து பேங்க் எல்லாம் முடங்கின நேரம் மாணவிகள்ட குடும்பங்களுக்கு கிரிப்டோவாலதான் உதவி போனது. நைஜீரியாவில 2020 ஒக்டோபர் போராட்ட நேரம் பெண்கள் கூட்டமைப்பு ஒண்டுட பேங்க் வழி அடைபட, பிட்காயின்ல நன்கொடை வாங்கி போராட்டக்காரருக்கு சாப்பாடும் வைத்தியமும் குடுத்தாங்க. இதெல்லாம் படிக்க எனக்கு மனசு நிறையிது.

ஆனா கவனிச்சிப் பாருங்க, இந்த மூண்டிலயும் கிரிப்டோ வேலை செஞ்சது காசு அனுப்பிற வழியா, பேங்க் கதவு மூடின இடத்தில. காசு பெருக்கிற வழியா இல்ல. எங்கட அக்காவுக்கு பேங்க் கதவு திறந்து கிடக்கு, அடையாள அட்டையக் கொண்டு போனா அண்டைக்கே புத்தகம் குடுப்பாங்க. அவட பிரச்சினை வேற, ஏ.டி.எம். காட்டும் பின் நம்பரும் மகன்ட கையில இரிக்கிறது. அந்த நோய்க்கு கிரிப்டோ மருந்தா? இஞ்சதான் விசயம் இரிக்கு. கிரிப்டோ வாலட், அதாவது காயின் வைக்கிற ஆப், திறந்தா 12 இல்லாட்டி 24 சொல்லு தருவாங்க, அந்தச் சொல்லுகள் ஆருக்குத் தெரியுமோ காசு அவர்ட. பேர் கிடையாது, கையெழுத்து கிடையாது, கோட்டுக்குப் போய் இது என்ட என்டு காட்ட ஒண்டும் கிடையாது. எங்கட ஊர்ல அக்காமார்ட போனில வாலட் போட்டுக் குடுக்கிறது ஆர்? தம்பி, மருமகன், கொமினிகேஷன் கடைப் பொடியன். அவங்க அந்தச் சொல்லுகள ஒரு போட்டோ எடுத்து வச்சா முடிஞ்சது, பேங்கில பின் நம்பர் குடுத்தவ நாளைக்குப் போய் மாத்தலாம், இதில மாத்த ஏலாது, புதுசா வாலட் திறந்து காச மாத்தணும், அதுக்கிடையில அவன் எடுத்தா போனது போனதுதான். அப்ப ஆர்ர கையையும் பாக்காம நிக்கலாம் என்ட வாக்கு நிறைவேறணும் என்டா வாலட்ட அவவே திறந்து, சொல்லுகள அவவே கையால எழுதி, அவவே ஒளிச்சி வைக்கத் தெரிஞ்சிரிக்கணும். படிப்பு இல்லாம போடுற கிரிப்டோ, வேறொராள்ட கையில காசக் குடுக்கிறதுக்குச் சமன்.

விலையையும் பாப்பம். அதே 2022 ஜனவரி, அதே அஞ்சு லட்சம், 2,500 டொலர். பிட்காயின் 47,000 டொலர் அளவில இரிந்தது, வருசக் கடைசியில 16,500 அளவு. ரூபா விழுந்தும் கூட அவட கையில மிஞ்சிறது 3 லட்சத்து 20 ஆயிரம் அளவுதான். ரூபா விழும் என்டு பயந்து ஓடினவ ரூபாவிலயே நட்டப்பட்டா. மற்றப் பக்கத்தையும் மறைக்கக் கூடாது, விக்காம 2024 டிசம்பர் வரைக்கும் வச்சிருந்தா பிட்காயின் 1 லட்சம் டொலரத் தாண்டின நேரம் அவட காசு 15 லட்சத்துக்கு மேல, அதே நேரம் தங்கம் 10 லட்சம் அளவுதான். லாபத்த மட்டும் பாத்தா கிரிப்டோ வெண்டிட்டு. ஆனா மூணு வருசம் கைவைக்காம இரிக்க எங்கட வீட்டில ஆருக்கு ஏலும்? 2022 கடைசியில புள்ளைக்கு ஒப்பரேஷன் என்டா அண்டைக்கு 3 லட்சத்துக்கு வித்தே ஆகணும். மாசச் சம்பளம், பென்ஷன் இரிக்கிற ஆள் பொறுத்திருந்து வெல்லலாம், தையல் கூலியிலயும் வெளிநாட்டுக் காசிலயும் ஓடுற வீடு பொறுக்கிறது கஷ்டம்.

அப்ப விலை ஆடாத யு.எஸ்.டி.டி. வாங்கினா என்ன என்டு சிலர் கேக்காங்க. டொலர் விலையிலயே நிக்கிற காயின் அது, இதுவரைக்கும் பெரும்பாலும் நிண்டிரிக்கு. ஆனா அதே மாதிரி ஒரு டொலர்ல நிக்கும் என்டு சொன்ன டெர்ரா யு.எஸ்.டி. காயின் 2022 மே மாசம் சில நாளுக்குள்ள தரைக்கு வந்திட்டு. அதே வருசம் நவம்பர்ல எஃப்.டி.எக்ஸ். என்ட, காயின் வாங்கி விக்கிற பெரிய எக்ஸ்சேஞ்ச் விழுந்து, அதுக்குள்ள காயின் வச்சிருந்த ஆக்கள் எடுக்க ஏலாம நிண்டாங்க. இதுக்கு வைப்புக் காப்புறுதி கிடையாது.

சட்டம் என்ன சொல்லுது என்டா, இலங்கை மத்திய வங்கி 2018 இல இருந்து திரும்பத் திரும்ப எச்சரிக்கை விட்டிரிக்கு, கிரிப்டோ சட்டபூர்வ நாணயம் இல்ல. 2021 ஆம் ஆண்டு பணிப்புரைப்படி பேங்க் காட்டால கிரிப்டோ வாங்க அனுமதி இல்ல. அதால ஆக்கள் என்ன செய்யிறாங்க, ஆப்பில தெரியாத ஒராள்ட பேங்க் கணக்குக்கு ரூபா போட்டு காயின் வாங்கிறாங்க, விக்கக்குள்ள தெரியாத ஒராள் இவட கணக்குக்கு ரூபா போடுறார். அந்த ஆள்ட காசு களவுக் காசா இரிந்தா பொலிசில முறைப்பாடு வரக்குள்ள இவட கணக்கு முடங்கும், அஸ்வெசும என்ட அரசாங்க உதவிக் காசு வாற கணக்கும் அதுவா இரிந்தா அந்த மாசம் வீட்டில அடுப்பெரியிறது கஷ்டம்.

இதையெல்லாம் விட ஆபத்து, கிரிப்டோ என்ட பேரில வாற சங்கிலி வியாபாரம். ஆயிரம் டொலர் போடு, நாளுக்கு இவ்வளவு வரும், ரெண்டு பேரச் சேத்தா இன்னும் வரும். எம்.டி.எஃப்.இ. என்ட ஆப் 2023 ஓகஸ்ட்ல வங்காளதேசம், நைஜீரியா, இலங்கை என்டு எல்லா இடத்திலயும் ஒரேயடியா விழுந்தது, அதுவும் ஒன்மேக்ஸ் டி.டி.யும் மத்திய வங்கிட தடைசெய்யப்பட்ட பிரமிட் பட்டியல்ல இரிக்கு. வங்கிச் சட்டம் 83சி பிரிவுப்படி இதுக்கு ஆள் சேக்கிறது, விளம்பரம் பண்றதும் குற்றம். இது ஏன் பொம்புளைகள கூடத் தாக்குது என்டா, எங்களுக்குள்ள இரிக்கிற நம்பிக்கையாலதான். மாதர் சங்கத்தில ஒண்டா இரிந்த தோழி சொன்னா போடுவம். காசு போனது ஒரு பக்கம், தான் சேத்துவிட்ட சொந்தக்காரிட முகத்தில முழிக்க ஏலாம கோயில் திருவிழாவுக்கே போகாம இரிக்கிறது மறுபக்கம். நுண்கடன் காலத்திலயும் இதுதான நடந்தது, ஒராளுக்கொராள் பிணை நிண்டு, வாரா வாரம் வாசல்ல வந்து நிக்கிறவனுக்குப் பயந்து, கடைசியில 2018 இல வறட்சி மாவட்டப் பொம்புளைகள்ட ஒரு லட்சத்துக்குக் குறைஞ்ச கடன அரசாங்கம் ரத்துச் செய்யவும் வட்டிக்கு 35 வீதம் என்டு எல்லை போடவும் வேண்டி வந்தது. அந்தக் காயம் இன்னும் ஆறல்ல. அதனால கடன் எடுத்தோ நகைய அடகு வச்சோ ஒரு ரூபா கூட கிரிப்டோவில போட வேணாம், இதில எனக்கு ரெண்டாவது யோசனையே இல்ல.

அப்ப கிரிப்டோ படிக்க வேணாமா என்டா, படிக்கத்தான் வேணும். நான் படிப்பையும் முதலீட்டையும் பிரிச்சிப் பாக்கன். படிக்கிறதுக்கு ஒரு சதமும் தேவையில்ல. டெஸ்ட்நெட் என்டு ஒண்டு இரிக்கு, பெறுமதி இல்லாத பயிற்சிக் காயின் இலவசமாத் தருவாங்க, அத வச்சி வாலட் திறந்து, சொல்லுகள எழுதி, பக்கத்தில இரிக்கிற தோழிக்கு அனுப்பி, போனில இருந்து வாலட்ட அழிச்சி, எழுதின சொல்லுகளால திரும்ப எடுத்து, எல்லாம் பழகலாம். பிழையான முகவரிக்கு அனுப்பினா திரும்பி வராது என்டத ஒரு தரம் கண்ணால பாத்தவ பிறகு ஒருத்தர்ட லிங்கையும் லேசில அமத்த மாட்டா. மாதர் சங்கத்தில ரெண்டு மூணு பின்னேரம் இதச் செஞ்சா போதும். காசு வாங்கிற கோர்ஸ்ல முதல் நாளே இந்த ஆப்பில ரெஜிஸ்டர் பண்ணுங்க என்டு லிங் அனுப்பினா எழும்பிப் போயிருங்க, ஆள் சேத்து அவருக்குக் கமிஷன் வாற லிங்காத்தான் பெரும்பாலும் இரிக்கும்.

அந்த அஞ்சு லட்சத்த நான் எப்பிடிப் பிரிப்பன் என்டு கேட்டா, ஒரு லட்சம் அவட பேரில மட்டும் இரிக்கிற சேமிப்புக் கணக்கில, பின் நம்பர் அவட மனசில. டொலரா இன்னும் கையில இரிந்தா ரெண்டரை லட்சம் பெறுமதிய வெளிநாட்டு நாணயக் கணக்கில, ஏற்கனவே மாத்தியாச்சி என்டா எஃப்.டி.யில, அதுவும் ஒரே துண்டா இல்லாம ரெண்டு மூணு எஃப்.டி.யாப் பிரிச்சிப் போட்டா அவசரத்துக்கு ஒண்ட மட்டும் உடைக்கலாம். ஒரு லட்சத்துக்கு வேலைப்பாடு இல்லாத தங்கம். மிச்சம் அம்பதாயிரம் அவட கைத்தொழிலுக்கு, மருதமுனையில தறியோ கல்லடியில தையலோ, உழைக்கிற சாமான் வாங்கிறதுக்கு. சீட்டு மாச உழைப்பில இருந்து. கிரிப்டோவுக்கு நான் இதில ஒண்டும் ஒதுக்கல்ல. மூணு நாலு மாசம் டெஸ்ட்நெட்ல பழகி, சட்ட நிலைமையும் விளங்கி, அதுக்குப் பிறகும் ஆசையென்டா, போனாலும் உலை வைக்கிறதில குறை வராத ஒரு சின்னக் காசு, அது அவட முடிவு. ரெண்டு வருச சம்பளம் முழுக்க சேத்து வச்ச, குழந்தை குட்டி இல்லாத, இங்கிலீஷும் கம்ப்யூட்டரும் நல்லாத் தெரிஞ்ச தங்கச்சி ஒராள் கேட்டா கிரிப்டோவில இத விட கொஞ்சம் கூடப் போடச் சொல்லுவன், எல்லாருக்கும் ஒரே கணக்கு பொருந்தாது.

ஏற்கனவே ஏதோ ஒரு ஆப்பில போட்டு மாட்டிக் கிடக்கிற ஆக்களுக்கு ஒண்டு. காசு எடுக்க வரி கட்டணும், அக்கவுண்ட் திறக்க இன்னும் 200 டொலர் போடணும் என்டு மெசேஜ் வந்தா போட வேணாம், அது ரெண்டாவது தரம் பறிக்கிற வேலை. போன காச மீட்டுத் தாறம் என்டு வாற ஆக்களும் அதே கூட்டம்தான். ஆப்ப அழிக்க முதல் எல்லாத்தையும் ஸ்க்ரீன்ஷொட் எடுங்க, காசு போட்ட பேங்க் கணக்கு நம்பர், வாட்ஸ்அப் நம்பர், திகதி எல்லாம் ஒரு கொப்பியில எழுதுங்க, காசு போன பேங்குக்கு அண்டைக்கே அறிவிச்சி பொலிசில முறைப்பாடு போடுங்க. வீட்டில ஏசுவாங்க என்டு மறைக்கிற நாள்ல அந்தக் கணக்கில இரிக்கிற காசு இன்னொரு கணக்குக்கு மாறிரும், அதனால தனியாப் போகப் பயமென்டா சங்கத்து அக்கா ஒராளக் கூட்டிக்கொண்டு போங்க.